ஆப்பிரிக்காவில் எந்த ஊரு?

அக்காவிடம் முதல் கேள்வியை யாரும் கேட்டுவிட முடியாது. நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டு முடித்திருப்பார்.

"எந்த ஊருங்க?"

செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்க இரண்டு பேரும் ஆட்டோவில் போவோம். ஏறி உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரி செய்வதற்குள் கேட்டுவிடுவார். "சேலந்தானுங்க" என்று ஆட்டோக்காரர் தப்பிக்கப் பார்த்தால் விடமாட்டார். "சேலம் இம்புட்டுப் பெருசா கெடக்குது, அதுல எங்கன்னு கேக்கறேன்." கடைசியில் அந்த மனிதர் ஓமலூருக்குப் பக்கத்தில் தன் ஊர் ஏரி எப்போது நிரம்பியது, எப்போது வற்றியது என்று சொல்ல ஆரம்பிப்பார். கடை வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்திருப்பான். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்று பல்லைக் கடிப்பேன்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் "எம் பேரு எதுக்கு சாமி உனக்கு?" என்று தன் ஊர் நாமகிரிப்பேட்டையிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடிப்பார். எங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் வரலாற்றுத்துறை, நான் வணிகவியல். அவர் மூத்தவர் என்பதால் அக்கா. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி என்பதால் என் டிபன் பாக்ஸில் பாதி அவருடையது. என் பாக்ஸைத் திறக்கும் உரிமை என் வீட்டுக்காரருக்குக்கூடக் கிடையாது. அக்காவுக்கு உண்டு.

எங்கள் பக்கம் ஊரைக் கேட்பது சும்மா இல்லை. இதை ஒளித்து எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் ஊர், அப்புறம் எந்தத் தெரு, அப்புறம் யார் வீடு என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் வாய்விட்டுக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்கிற வித்தை அது. அக்காவின் கேள்வி மட்டும் வேறு பக்கம் திரும்பிப் போகும். எந்த ஊரு என்று கேட்டு முடித்ததும், "தண்ணி எப்படிங்க அங்க?" அடுத்தது, "சந்தை என்னிக்கு?" மூன்றாவது, "பஸ்ஸு எது வரும்?" அவ்வளவுதான். இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் ஒரு ஆளைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. யார் வீடு என்று அவர் கேட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஒருமுறை எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர், புதிதாக வந்த மாணவனைப் பார்த்து, "அந்த ஊர்ல எந்தத் தெருப்பா?" என்று இழுத்தார். அக்கா திரும்பி, "ஏனுங்க, தபால் போடப் போறீங்களா?" என்றார். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் அறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷி தலையில்தான் ஆப்பிரிக்கா வந்து விழுந்தது.

பிள்ளைகள் தங்கள் முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடம் ஒன்றையும் எடுத்துப் படிக்க வேண்டும். அப்படி ஒரு துணைப்பாடம், ஆப்பிரிக்க ஆய்வுகள். யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்துவிட்டு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்காவிடம் கொடுத்தார்கள். அக்காவும் வருஷக்கணக்காக நடத்தினார். பாஸ்போர்ட்டே இல்லாத ஆள் கடல் தாண்டிய கண்டத்தை நடத்துகிறார் என்று நான் கிண்டல் செய்வேன். "நீ பேங்க் வெச்சிருக்கறயா கண்ணு? பேங்கிங் பாடம் நடத்தலே?" என்பார். பதிலுக்குப் பஞ்சமே கிடையாது.

பாடத்திட்டம் என்னமோ பழைய பாடத்திட்டம்தான். அறிமுகம், அடிமை வியாபாரம், வெள்ளையர் ஆட்சி, விடுதலை, பஞ்சமும் நோயும், வனவிலங்குகள். ஒரு பெருங்கண்டம் ஆறு தலைப்பில் முடிந்துவிடும். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதினார்கள். எடுக்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். கடைசியில் டீன் கூப்பிட்டு, "ஒண்ணு மாத்தி எழுதுங்க மேடம், இல்லாட்டி மூடிரலாம்" என்று சொல்லிவிட்டார். மூடினால் அக்காவுக்குப் பொதுத் தாள்களும் தேர்வு மேற்பார்வையும்தான். இத்தனை வருஷம் கையில் வைத்திருந்த பாடம் போய்விடும். அன்றைக்கு என் டிபனை அவர் தொடவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்க வேண்டுமே என்று ஆப்பிரிக்க நாள் ஒன்று கொண்டாடினார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அட்டையில் சிங்கம், அட்டையில் ஒட்டகச்சிவிங்கி, முகமூடிகள், வாசலில் ஒரு தெர்மகோல் குடிசை. நாமக்கல் பக்கத்து மருந்தியல் கல்லூரி ஒன்றில் படிக்கிற நீமா என்ற பெண்ணைச் சிறப்பு விருந்தினராகக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்று வருஷமாக இங்கே விடுதியில் இருக்கிற பெண். நம் தமிழை நன்றாகவே பேசினாள். அக்கா வழக்கம்போல் அரங்கத்து வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். மைக் கட்ட வந்தவர் எந்த ஊரு, டீ கொண்டுவந்தவர் எந்த ஊரு, நீமாவைக் கூட்டி வந்த டிரைவர் எந்த ஊரு. நீமாவுக்கு மாலை போட்டு, "ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கற எங்க தங்கச்சி" என்று மேடையில் ஏற்றினார். ஒரு ஆப்பிரிக்க நடனம் ஆடிக் காட்டச் சொன்னார்கள் பிள்ளைகள். அந்தப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கு ஆட வராதுங்க. சர்ச்சுல பாடுவேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "மேடம், எங்க டிரைவர் அண்ணனைக்கூட எந்த ஊருன்னு கேட்டீங்க. என்னை மட்டும் ஏன் கேக்கல?"

அரங்கமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. மேடைக்குப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"தப்புத்தான் சாமி. சொல்லு, எந்த ஊரு?"

"முவான்சாங்க. தான்சானியாவுல."

"தண்ணி எப்படி?"

"கடல் மாதிரி ஏரிங்க மேடம். விக்டோரியா ஏரி. ஊரே அது ஓரத்துலதான்."

"சந்தை?"

"தினமும். எங்கம்மா சின்ன மீன் காய வெச்சு விக்கறாங்க. இங்க நெத்திலிக் கருவாடு இருக்குதில்லீங்க, அது மாதிரி."

"பஸ்ஸு?"

நீமாவுக்கு முகமே மாறிவிட்டது. அந்த ஊரில் ஓடும் மினிபஸ்ஸுக்கு டாலாடாலா என்று பெயராம். கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கூவுவானாம். அவள் மேடையிலேயே அதே மாதிரி கூவிக் காட்டினாள். சேலம் பஸ் ஸ்டாண்டில் "ராசிபுரம் நாமக்கல்" என்று கூவுகிற அதே ராகம். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். "அங்க குன்று மேல குன்றா பாறைங்க, அதுக்கு நடுவுல வீடு. நாமக்கல் பாறையை முதல் நாள் பார்த்தப்ப எனக்கு அழுகை வந்துருச்சு" என்றாள். அட்டைச் சிங்கம் ஒன்று அவளுக்குப் பின்னால் சரிந்து விழுந்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அக்காவைப் பிடிக்க முடியவில்லை. ஊரெல்லாம் விசாரிக்கிற நாம், ஒரு கண்டத்தையே ஒரே ஊராக நினைத்து இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறோம் என்று அவருக்குத் தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் ஆப்பிரிக்கா என்று சொல்லிவிடக் கூடாது. நான் ஒருநாள் வாய் தவறி, "ஆப்பிரிக்காவுல வெயில் இதைவிட ஜாஸ்தியாமேக்கா" என்றுவிட்டேன்.

"ஆப்பிரிக்காவுல எந்த ஊருல?"

"எனக்கென்னக்கா தெரியும், பொதுவா சொன்னேன்."

"பொதுவாச் சொல்லாத. தான்சானியாவுலயே அரூஷாவுல ராத்திரிக்கு ஸ்வெட்டர் போடறாங்க. உன்னைய யாராச்சும் இந்தியாவுல பனி கொட்டுதாமேன்னு கேட்டா சேலத்துல அஸ்தம்பட்டியில உக்காந்துட்டு என்ன சொல்லுவ?"

சாப்பிட விடாமல் பேசுவார், என் சாப்பாட்டையும் சாப்பிட்டுக்கொண்டே. எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் ஒரு கரண்டி சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் அக்காவிடம் படித்தவர்களில் சுதா என்று ஒரு பெண். திருச்செங்கோட்டுப் பக்கம். அவள் அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிற ரிக் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து எங்கெங்கோ போகும், கப்பலேறிக்கூடப் போகும். கூடவே ஆட்களும் போவார்கள். அப்பா எங்கே என்று அக்கா கேட்டார்.

"ஆப்பிரிக்காவுல இருக்கறாருங்க மேடம்."

"எந்த ஊரு?"

"ஆப்பிரிக்காதானுங்க."

அக்கா அவளை வையவில்லை. என்னைத்தான் வைவார், பிள்ளைகளை வைய மாட்டார். "ஞாயித்துக்கிழமை அப்பா போன் போடுவாரில்ல? மூணே கேள்வி கேட்டுட்டு வா" என்று அனுப்பினார். திங்கட்கிழமை காலை சுதா ஆசிரியர் அறைக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மேடம், டொடோமாங்க! எங்கப்பா தான்சானியாவுல டொடோமாங்கற ஊர்ல இருக்கறாருங்க. எப்பவும் சாப்ட்டயா, படிக்கறயான்னு கேட்டுட்டு வெச்சிருவாரு. நேத்து வெக்கவே இல்லீங்க. அங்கயும் நம்ம பக்கம் மாதிரி காஞ்ச பூமியாமுங்க. திராட்சை வெளையுதாமுங்க. போர் போட்டுத் தண்ணி உப்பா வந்துருச்சுன்னா அந்த ஊர்க்காரங்க மூஞ்சி நம்ம ஊர்க்காரங்க மூஞ்சி மாதிரியே போயிருமாமுங்க. எங்கம்மா போனைப் புடுங்கி, இத்தனை வருசமா இதையெல்லாம் ஏன் சொல்லலைன்னு சண்டை."

"அப்பா என்ன சொன்னாரு?"

"இத்தனை வருசத்துல நம்ம ஊட்ல யாரு கேட்டீங்கன்னாருங்க."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த மனுசன் அத்தனை தூரம் போயி ஊரு பேரில்லாம இருந்திருக்கறாரு பாரு" என்றார். சுதா மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

புதிய பாடத்திட்டத்தை அவர் எழுதிய விதம் அப்படி. தலைப்புகளைத் தூக்கிப் போட்டார். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு ஊர். முவான்சா, குமாசி, சான்சிபார், டொடோமா, கம்பாலா. ஒவ்வொரு ஊருக்கும் அதே மூன்று கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சந்தையில் என்ன விற்கிறது, அந்த ஊரிலிருந்து வெளியே எப்படிப் போவது. வரலாறு, பொருளாதாரம், அரசியல் எல்லாம் இந்த மூன்றுக்கு உள்ளேயே வந்துவிடும் என்றார். கூடவே சுவாஹிலி மொழி, பேசிப் பழகுகிற அளவுக்கு. அதை நீமா சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டாள்.

பாடத்திட்டக் குழு கூடிய அன்று நானும் இருந்தேன். வேறு துறை ஆள் ஒருவர் வேண்டும் என்று விதி, என்னைப் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது என்னம்மா, பாடத்திட்டமா, பஸ் போர்டா?"

டீன் சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை.

"நீங்க ஆப்பிரிக்கா போயிருக்கீங்களா?" என்றார் நிபுணர்.

"இல்லீங்க. நீங்க?"

"கருத்தரங்குக்குப் போயிருக்கேன்."

"எந்த ஊருங்க?"

எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் நைரோபி என்று சொல்லிவிட்டு, ஓட்டலை விட்டு வெளியே போக நேரமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"அது இருக்கட்டும். சந்தை என்னிக்கு, பஸ் எது வரும்னு கேக்கறது பள்ளிக்கூடத்துக் கேள்வி. அடிமை வியாபாரம்னு ஒரு பெரிய சரித்திரம். அதுக்குத் தனி அலகு இருந்தது. அதைத் தூக்கிட்டீங்களே, அந்தக் கொடுமையை இந்தச் சின்னக் கேள்வியில எப்படி நடத்துவீங்க?"

கேள்வி நியாயமான கேள்வி. அக்கா தண்ணீர் தம்ளரை நகர்த்தி வைத்தார்.

"தூக்கலீங்க. சான்சிபாருக்குப் போகட்டும் பிள்ளைங்க. அங்கயும் இதேதான் கேப்பேன், சந்தை என்னிக்கு, என்ன விக்கறாங்கன்னு. அங்க ஒரு காலத்துல சந்தையில வித்தது மனுசங்களை. வெளியூருக்கு எப்படிப் போறதுன்னு கேப்பேன். கப்பல்ல, சங்கிலி போட்டு. அப்பறம், அவங்க ஒவ்வொருத்தரும் எந்த ஊருன்னு கேப்பேன். யாருக்கும் பதில் தெரியாது. வாங்குனவன் கேக்கல, வித்தவன் கேக்கல. கொடுமைன்னா அதுதானுங்க."

நிபுணர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார். எங்கள் அக்கா இவர் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. கூட்டம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பாடத்திட்டம் தேறிவிட்டது. ஆனால் டீன் ஒரு ஆணி அடித்தார். ஜூனில் வகுப்பறை நிறைய வேண்டும், நிறையாவிட்டால் அந்த வருஷத்தோடு சரி.

ஜூன் வந்தது. முதல் வகுப்பு நாள் காலையில் அக்காவும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் புது ஆள். அக்கா அவரை எதுவும் கேட்கவில்லை. கையைக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு எவ்வளவு பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் நானே, "எந்த ஊருங்கண்ணா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தாக் கோடியில் வகுப்பறை. முன் பெஞ்சில் நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். மணி அடித்துவிட்டது. அக்கா வாசலில் நின்று டஸ்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார், சுத்தமான டஸ்டர். "திருச்செங்கோட்டு பஸ்ஸு இன்னும் வரலீங்கக்கா" என்றேன் சும்மா ஒரு ஆறுதலுக்கு. சொல்லி வாய் மூடவில்லை, படிக்கட்டில் செருப்புச் சத்தம். முதல் ஆளாக சுதா. அவள் இப்போது மேல் வகுப்பு, இந்த வகுப்புக்கு வர வேண்டியவளே இல்லை. பின்னால் வராந்தா கொள்ளாமல் பிள்ளைகள்.

"எங்க ஊர்ல ரிக் வண்டிக்காரங்க ஊடு ஊடாப் போனேனுங்க மேடம். சேரப்போற பிள்ளைங்க எல்லாத்துகிட்டயும் மூணு கேள்வியும் சொல்லிக் குடுத்து, அங்க போயிருக்கற அவங்கவங்க ஊட்டு ஆளுங்களைக் கேக்கச் சொன்னேன்" என்றாள்.

அக்கா வாசலை விட்டு நகரவில்லை. முதல் பையனைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "எந்த ஊரு சாமி?" என்றார்.

"கம்பாலாங்க மேடம். எங்க மாமா அங்க இருக்கறாரு. மழை அடிக்கடி பெய்யுமாமுங்க."

"நீ?"

"அரூஷாங்க. எங்கண்ணன்."

"எங்கப்பா குமாசிங்க மேடம். சந்தை ரொம்பப் பெருசாமுங்க, உள்ள போனா வழி தெரியாதாமுங்க."

தங்கள் ஊரை ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. அப்பா ஊர், அண்ணன் ஊர், மாமன் ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். அக்கா தலையை ஆட்டி ஆட்டி உள்ளே விட்டார். பெஞ்சுகள் நிறைந்து, பக்கத்து அறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்தோம். டீன் அந்தப் பக்கம் வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் முதுகைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அக்காவுக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். ராசிபுரம், தறிக்கார வீட்டுப் பிள்ளை.

"எந்த ஊரு?"

"எங்க ஊட்ல யாரும் போகலீங்க மேடம். நாந்தான் மொதல்ல போகோணும்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கறீங்க?"

அக்கா அவளையே பார்த்தார். "எங்கயும் போகல கண்ணு."

"அப்ப நீங்களும் என்னைய மாதிரிதானுங்களா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆமா சாமி, உன்னைய மாதிரிதான். உள்ள போய் உக்காரு, ரெண்டு பேரும் படிக்கலாம்."

மத்தியானம் என் டிபன் பாக்ஸை அவராகவே திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தவர் அப்படியே கையை நிறுத்தினார்.

"ஏஞ்சாமி, இந்தப் பாஸ்போர்ட் எடுக்க எங்க போகோணும்?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் அக்காவின் கேள்வியை அக்காவிடமே கேட்க எனக்கு வாய்த்தது அன்றைக்குத்தான். விடுவேனா?

"எந்த ஊருக்குங்கக்கா?"

"முவான்சாவுக்கு" என்றார் அக்கா. "நீமா அம்மாகிட்ட மீன் வாங்கோணும்."